குன்னூர்ப் பட்டறையில் ரிலீஸ் பேரிங் வேலை: கியர்பாக்ஸ் இறங்கிய பிறகு நடப்பது என்ன?

குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து வெலிங்டன் போகும் வழியில், பெயர்ப்பலகை எதுவும் இல்லாத தகரக் கூரைப் பட்டறை. இரண்டு வண்டி நிற்க இடம், வேலைக்கு மூன்று பேர். ஆம்னி, ஆல்டோ, வேகன் ஆர் வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் வழி சொல்லி அனுப்பித்தான் இங்கே வண்டி வருகிறது. அந்தப் பட்டறையின் ஒரே ஒரு வேலையை மட்டும் இங்கே மதிப்பிடுகிறோம்: கேபிள் கிளச் உள்ள ஆல்டோவுக்கு ரிலீஸ் பேரிங் (பெடலை அமுக்கும்போது தள்ளிக் கிளச்சை விடுவிக்கும் பேரிங்) மாற்றுவது.

இந்த வேலையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. பேரிங்கின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் முழு கியர்பாக்ஸையும் இறக்கியாக வேண்டும். கூலி, சாமான் விலையைப் போலப் பல மடங்கு. பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகி மூடிவிட்டால் சத்தம் அன்றைக்கே நின்றுவிடும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போய்விடுவார். பேரிங் ஏன் போனது என்று பார்க்காமல் மூடிய வண்டி, அடுத்த சீசனுக்குள் அதே சத்தத்தோடு திரும்பி வரும். அதனால் கியர்பாக்ஸ் கீழே இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் பட்டறை எதையெல்லாம் பார்க்கிறது என்பதுதான் எங்கள் அளவுகோல்.

முதலில் காது. கிளச் கத்துகிறது என்று சொல்லி வருகிற எல்லா வண்டியிலும் ரிலீஸ் பேரிங் போயிருப்பதில்லை. இங்கே ஸ்பேனரை எடுப்பதற்கு முன், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, நியூட்ரலில் என்ஜினை ஓடவிடுகிறார்கள். பெரியவர் பானட்டுக்குள் குனிந்து இடது பக்கம் கியர்பாக்ஸ் மேல் காதைச் சாய்க்கிறார். உள்ளே உட்கார்ந்திருக்கும் பையனுக்கு உத்தரவு: “தம்பி, கால எடு. ம்… இப்ப லேசா தொடு. போதும், அங்கயே நிறுத்து. இப்ப முழுசா அமுக்கு.”

அந்த மூன்று நிலைக்கும் பொருள் உண்டு. காலை எடுத்திருக்கும்போது உறுமல் கேட்டு, பெடலை அமுக்கியதும் அது அடங்கினால், குற்றவாளி கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். பெடலை அமுக்கியதும் அந்த ஷாஃப்ட் சுற்றுவது நின்றுவிடுவதால்தான் சத்தமும் நிற்கிறது. மாறாக, கால் வைக்காதபோது அமைதியாக இருந்து, ஃபிரீ ப்ளே (பெடல் எதிர்ப்பில்லாமல் போகும் தூரம்) தீர்ந்து பெடலில் லேசாக எதிர்ப்பு தெரியும் இடத்தில் ‘கிர்ர்’ என்று ஆரம்பித்தால் ரிலீஸ் பேரிங்தான். கிளச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை (ஸ்பிரிங் நாக்குகளை) தொட்டு அது சுற்றத் தொடங்கும் இடம் அதுவே. பெடலை முழுதாக அமுக்கி கியரும் போட்ட நிலையில் மட்டும் கத்தினால், அந்த மாடலில் என்ஜினோடு சுற்றும் ஃபிளைவீலின் நடுவில் பைலட் பேரிங் இருந்தால், அதைச் சந்தேகப்பட வேண்டும்.

மலையில் இன்னொரு ஏமாற்றுச் சத்தம் உண்டு. பனியிலும் மழைச்சாரலிலும் இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஃபேன் பெல்ட் ஈரத்தில் வழுக்கிக் கீச்சிடும். கேட்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். பெடலை அமுக்கினாலும் விட்டாலும் சத்தத்தில் மாற்றம் இல்லை என்றால் அது பெல்ட். அதற்காகக் கியர்பாக்ஸை இறக்கிய பட்டறைகளும் இருக்கின்றன. இங்கே இந்தச் சோதனை முடியாமல் ‘இறக்கிடலாம்’ என்ற வார்த்தை வருவதில்லை.

அடுத்து, இறக்குவதற்கு முன்பே அளக்க வேண்டியவை. பெடலைக் கையால் அமுக்கி, எதிர்ப்பே இல்லாமல் எவ்வளவு தூரம் போகிறது என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்க்கிறார்கள். கேபிள் கிளச் உள்ள மாருதி சிறு வண்டிகளில் பொதுவாக 15 முதல் 25 மி.மீ. இருக்க வேண்டும். கேபிள் இழுக்கும் கியர்பாக்ஸ் பக்கத்து லீவரில் பார்த்தால் 2 முதல் 4 மி.மீ. உங்கள் மாடலுக்கான சரியான அளவு வண்டிப் புத்தகத்தில் இருக்கும். பேரிங் போன வண்டிகளில் இந்த இடைவெளி பெரும்பாலும் பூஜ்யமாகவே இருக்கும், காரணமும் அங்கேயே தெரிந்துவிடும். கிளச் பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டின் விரல்கள் பேரிங்கை நோக்கி நகர்ந்து வரும். கேபிளைத் தளர்த்தாமலேயே ஓட்டினால் ஒரு கட்டத்தில் இடைவெளி முழுவதும் தீர்ந்து, காலை எடுத்திருந்தாலும் பேரிங் விரல்களோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். கியர் மாற்றும் சில நொடிகள் மட்டும் உழைக்க வேண்டிய பேரிங், என்ஜின் ஓடும் நேரமெல்லாம் உழைக்கிறது.

ஓட்டுகிறவரின் கால் வேறு இருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். அடுத்த வளைவு வரப்போகிறதே என்று பெடல் மேலேயே பாதத்தை வைத்துக்கொண்டு ஓட்டுவது பலருக்குப் பழக்கம். செருப்பின் கனம் போதும், ஃபிரீ ப்ளே காலியாகிவிடும். ஏப்ரல், மே சீசனில் வரிசையில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் ஹாஃப் கிளச்சிலேயே வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைப்பது அதைவிட மோசம், பேரிங்கோடு பிளேட்டையும் சேர்த்துத் தின்னும். உயரமும் ஒரு காரணம். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் காற்று மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் சமவெளியில் தரும் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடுகிறது. ஏற்றத்தில் எடுக்கும்போது வண்டி திணறும், ஓட்டுநர் கிளச்சை இன்னும் கொஞ்ச நேரம் பாதியில் பிடிப்பார். 36 வளைவுகள் உள்ள கல்ஹட்டி மலைப்பாதையில் ஏறிப் பழகிய வண்டிகளின் கிளச்சைப் பிரித்துப் பார்த்தால் இதெல்லாம் எழுதி வைத்தது போலத் தெரியும்.

இறக்கும் முறைக்கு வருவோம். பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிய பிறகுதான் ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொடுகிறார்கள். முன் சக்கரத்து ஹப் நட்டை, வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்துகிறார்கள். பிறகு ஜாக்கி, அதன் கீழே இரண்டு பக்கமும் ஸ்டாண்டு. கியர் ஆயிலை வடித்துவிட்டு, கிளச் கேபிள், கியர் கேபிள்கள் அல்லது ராடு, ரிவர்ஸ் லைட் ஒயர், ஸ்பீடோமீட்டர் இணைப்பு, ஸ்டார்ட்டர், கீழ் பால் ஜாயின்ட், இரண்டு டிரைவ் ஷாஃப்ட் என்று வரிசையாகக் கழற்றுகிறார்கள். என்ஜினை மேலிருந்து குறுக்குக் குழாயில் சங்கிலி போட்டுத் தாங்க வைத்த பிறகே மவுண்ட் போல்ட்டுகள் வெளியே வருகின்றன. கழற்றிய போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாமல், கிளச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் படத்தை அட்டையில் கிறுக்கி, அந்தந்த இடத்தில் குத்தி வைக்கிறார்கள். நீளம் மாறிய போல்ட்டைத் தவறான துளையில் முறுக்கி அலுமினியத்தை உடைப்பது இந்த வேலையில் சாதாரணமாக நடக்கும் விபத்து. அந்த அட்டை அதைத் தடுக்கிறது.

இனிதான் முக்கியமான பகுதி. பழைய பேரிங்கை எடுத்து விரித்த செய்தித்தாள் மேல் வைத்தார்கள். விரல்களைத் தொடும் முகத்தில், சூடேறிய இரும்புக்கு வரும் நீலமும் ஊதாவும் கலந்த வளையம். ஓரத்துச் சீலைச் சுற்றிக் காபித்தூள் போல ஒரு பொடி: காய்ந்து கருகிய கிரீஸ் அது. உள்ளங்கையில் வைத்து அமுக்கிக்கொண்டே சுற்றினால், ஆற்று மணல் மேல் செருப்புக் காலோடு நடப்பது போல நறநறக்கிறது. அமுக்காமல் சும்மா சுற்றிப் பார்த்தால் ஓரளவு சுகமாகவே சுற்றும். எனவே உங்கள் எதிரில் ஒருவர் பேரிங்கை விரலால் சுண்டிவிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பளு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பேரிங்கை மட்டும் பார்த்து நிறுத்தாமல் இவர்கள் மேலும் ஐந்தாறு இடம் பார்த்தார்கள். பிரஷர் பிளேட்டின் விரல் நுனிகளில் நகத்தை ஓட்டினார்கள். நகம் சிக்கும் அளவு பள்ளம் விழுந்திருந்தால், புதுப் பேரிங் போட்டாலும் அது சமமாக உட்காராது, பிரஷர் பிளேட்டையும் மாற்றியாக வேண்டும். விரல்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்த்தார்கள். கிளச் பிளேட்டில் ரிவிட்டின் தலை, லைனிங் மட்டத்திலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெர்னியரில் அளந்தார்கள். அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அந்தப் பிளேட்டைத் திரும்பப் போடுவதில் அர்த்தமில்லை. ஃபிளைவீல் முகத்தில் நீலத் திட்டு, மயிர்க்கோடு போன்ற விரிசல் உண்டா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். என்ஜின் பக்கத்து ஆயில் சீலிலும் கியர்பாக்ஸ் இன்புட் சீலிலும் கசிவு இருக்கிறதா என்று விரலைத் தடவிப் பார்த்தார்கள். எண்ணெய் பட்ட புதுப் பிளேட் ஒரு வாரத்தில் வழுக்கத் தொடங்கும்.

பேரிங்கைத் தள்ளும் கவையான ஃபோர்க்கின் ஷாஃப்ட்டைச் சோதித்த விதத்துக்குத் தனி மதிப்பெண் கொடுக்கலாம். லீவரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருந்தது, திருப்பினால் கரகரப்பு. அது சுழலும் உறையான புஷ்ஷில் துரு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்கிலும் மாதக்கணக்கில் ஈரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு இது வழக்கமான நோய். புஷ் இறுகினால் பெடல் கனக்கும். அதைவிடக் கெடுதல், காலை எடுத்த பிறகும் ஃபோர்க் முழுதாகத் திரும்பாமல் பேரிங்கை விரல்கள் மேலேயே சாய்த்து வைத்திருக்கும். இந்த ஆல்டோவில் பேரிங் சாக இதுவும் உடந்தை. கேபிளும் அப்படியே: லீவர் முனையில் மூன்று இழை பிரிந்திருந்தது, உறைக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. புஷ்ஷும் கேபிளும் மலிவான சாமான்கள். கேபிளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். புஷ்ஷுக்காக இன்னொரு முறை கியர்பாக்ஸை இறக்க யாருக்கும் மனசு வராது.

பேரிங் மட்டும் போதுமா, முழு செட்டா? பிளேட்டில் பாதி ஆயுளுக்கு மேல் மிச்சம், விரல்களில் பள்ளம் இல்லை, ஃபிளைவீல் சுத்தம் என்றால் பேரிங்கோடு நிறுத்திக்கொள்வது தவறில்லை. மற்றபடி தினமும் மலை ஏறி இறங்கும் வண்டிக்குப் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் செட்டாகவே போடுவது லாபம் என்பது எங்கள் முடிவு. வண்டிக் கம்பெனியின் பெட்டி, வேலியோ, லூக், எக்ஸெடி என எதுவானாலும் ஒரே செட்டில் வந்த மூன்றையும் போடுங்கள். ஒரு கம்பெனி பேரிங்கை இன்னொரு கம்பெனி பிரஷர் பிளேட்டோடு சேர்த்தால் உயரம் மாறலாம். பேரிங் முகமும் சிலவற்றில் தட்டையாக இருக்கும், சிலவற்றில் வளைந்திருக்கும். விரல்களின் வடிவத்துக்கு ஏற்பத்தான் அது அமைந்திருக்கும். பட்டறையில் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து உயரம், உள்விட்டம், ஃபோர்க் மாட்டும் காது மூன்றையும் ஒப்பிட்டார்கள். கடையில் வாங்கும் இடத்திலேயே இதைச் செய்துவிட்டால் இன்னும் நல்லது.

மலைப்பட்டறைகளில் பரவலாக நடக்கும் ஒரு தவறு இங்கே நடக்கவில்லை. கழற்றிய சாமான் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுக் கழுவுவது வழக்கம். ரிலீஸ் பேரிங்கை அந்தத் தட்டில் போடவே கூடாது. அதன் கிரீஸ் ஆயுளுக்கும் சேர்த்து உள்ளே அடைத்து சீல் வைத்தது. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ சீல் வழியே உள்ளே புகுந்து கிரீஸைக் கரைத்துவிடும், வெளியிலிருந்து திரும்ப நிரப்பவும் முடியாது. துணியால் துடைத்தால் போதும்.

கிரீஸ் தடவுவதிலும் கை அளவாக இருந்தது. ஃபோர்க் தொடும் இடங்கள், புஷ், பேரிங் வழுக்கி ஓடும் ஸ்லீவ், இன்புட் ஷாஃப்ட்டின் பல்வரிசை ஆகியவற்றில் மெல்லிய பூச்சு மட்டும். பல்வரிசையில் தடவிய பிறகு பிளேட்டை ஒருமுறை செருகி எடுத்து, ஓரத்தில் பிதுங்கியதைத் துடைத்தார்கள். பிதுங்கியதை விட்டுவைத்தால் சுற்றும் வேகத்தில் லைனிங் மேல் தெறிக்கும். பிளாஸ்டிக் ஸ்லீவ் உள்ள சில பேரிங்குகளுக்குக் கிரீஸே கூடாது என்று பெட்டியில் போட்டிருக்கும், அதைப் படித்துவிட்டுச் செய்ய வேண்டும்.

பிளேட்டை நடுவில் நிறுத்த, பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றை அறுத்து வைத்திருக்கிறார்கள். கண்ணளவில் வைத்து மூடுகிற கதையே இல்லை. பிளேட்டின் எந்தப் பக்கம் ஃபிளைவீலுக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். திருப்பிப் போட்டால் கிளச் விடுபடாது. பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டுகளையும் எதிரெதிராக, ஒவ்வொரு முறையும் அரைச்சுற்று என்று இறக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச்சில் சுமார் 23 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினார்கள்.

குறை இங்கே ஆரம்பிக்கிறது. கியர்பாக்ஸ் ஏற்ற இவர்களிடம் அதற்கான ஜாக்கி இல்லை. இருவர் தூக்க, ஒருவர் அடியில் படுத்து நெஞ்சில் தாங்கி உள்ளே தள்ளுகிறார். பழகிய கைகள், உண்மை. ஆனால் ஷாஃப்ட் முனை பிளேட்டுக்குள் நுழைந்து, ஹவுசிங் இன்னும் ஒட்டாமல் நிற்கும் அந்த நிமிடத்தில் கை சளைத்தால், கியர்பாக்ஸின் முழுக் கனமும் பிளேட்டின் நடுவில் தொங்கும். பிளேட்டின் நடு ஹப் கோணினால் கிளச் விடும்போதெல்லாம் வண்டி அதிரும், கியர் விழாது. அடியில் இருப்பவரின் உயிர் அதைவிடப் பெரிது. அந்த ஜாக்கி ஒன்றை வாங்குங்கள் என்று முகத்துக்கு நேரேயே சொன்னோம், இங்கேயும் எழுதுகிறோம். ஹப் நட்டை டார்க் பார்க்காமல் நீளக் குழாய் போட்டு முறுக்குவதும் சரியில்லை. அவ்வளவு கவனமாகப் பிரஷர் பிளேட்டை முறுக்கியவர்கள் சக்கரம் தாங்கும் நட்டில் ஏன் விடுகிறார்கள் என்று தெரியவில்லை. ஓரம் சப்பிப் பூட்டும் வகை நட்டாக இருந்தால் புதிது கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தரை. பட்டறை வாசல் சாலையை நோக்கிச் சரிகிறது. கியர் ஆயிலைப் பக்கத்துத் துளையில் வழியும்வரை ஊற்றி அளவு பார்ப்பதே முறை. வண்டி சரிவில் நின்றால் அந்த அளவு பொய்யாகிவிடும்: துளை உயர்ந்த பக்கம் இருந்தால் கூடுதலாகப் போகும், தாழ்ந்த பக்கம் இருந்தால் குறைவாக இருக்கும்போதே வழிந்துவிடும். வண்டி மட்டமாக நிற்கிறதா என்று ரச மட்டம் வைத்துப் பார்க்கச் சொன்ன பிறகு, தாழ்ந்த பக்கத்தை ஸ்டாண்டில் உயர்த்தி மறுபடி ஊற்றினார்கள். கேட்காமலே செய்திருக்க வேண்டும். கியர் ஆயிலின் தரவகை, புத்தகத்தில் ஜிஎல்-4 என்று இருந்தால் ஜிஎல்-4 மட்டும். ‘அதைவிட உசத்தி’ என்று ஜிஎல்-5 கொடுத்தால் வாங்காதீர்கள், கியர் மாற உதவும் சின்க்ரோ வளையங்களின் பித்தளைக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். டிரைவ் ஷாஃப்ட் இழுத்தபோது அதன் இரண்டு ஆயில் சீலையும் கேட்காமலே மாற்றியது நல்ல வேலை. பழைய சீலில் ஷாஃப்ட்டைத் திரும்பச் செருகினால் பத்து நாளில் சொட்டத் தொடங்கும்.

காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை நாலரைக்கு வண்டி தரையில் நின்றது. நடுவில் ஃபோர்க் புஷ் வாங்கிவர ஒன்றரை மணி நேரம் போனது. கிளச் செட்டை வண்டி விடுவதற்கு முன்பே வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குன்னூரில் கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோ வரவேண்டும், கியர்பாக்ஸ் இல்லாத வண்டி ஒரு இரவு ஸ்டாண்டு மேல் கிடக்கும். பில் துண்டுச் சீட்டில்தான். சாமான் பெயரும் கூலியும் தனித்தனியாக எழுதித் தரக் கேளுங்கள், தருகிறார்கள். பழைய சாமானைக் கேட்காமலே பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஓட்டிப் பார்த்தது பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டு வரும் ஏற்றத்தில். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கில் இருந்து முதல் கியரில் எடுத்தபோது அதிர்வு இல்லை. ரிவர்ஸ் கியர் கரகரப்பு இல்லாமல் விழுந்தது. அது முக்கியமான சோதனை: கிளச் முழுதாக விடுபடாவிட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது ரிவர்ஸ்தான். புதுக் கேபிளும் புஷ்ஷும் போட்டதில் பெடலின் கனம் பாதியாகக் குறைந்துவிட்டது.

எல்லா வண்டிக்கும் இந்தப் பட்டறையைச் சொல்ல மாட்டோம். ஹைட்ராலிக் கிளச் உள்ள வண்டிகளில், குறிப்பாகப் பேரிங்கும் ஸ்லேவ் சிலிண்டரும் (ஃபுளூயிட் அழுத்தத்தால் பேரிங்கைத் தள்ளும் பாகம்) ஒன்றாகவே கியர்பாக்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் டீசல் வண்டிகளில், வேலையே வேறு. அங்கே பேரிங் எப்போதும் விரல்களைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும், ஃபிரீ ப்ளே சரிசெய்யும் நட் கிடையாது. பேரிங் கத்தினாலும் ஆயில் கசிந்தாலும் முழு யூனிட்டையும் மாற்றி, மூடியில் போட்டிருக்கும் டாட் வகை ஃபுளூயிட் ஊற்றி, காற்று முழுவதும் வெளியேறும்வரை பிளீட் செய்ய வேண்டும். அதற்கான சாதனமோ பழக்கமோ இங்கே இல்லை, கேட்டால் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். டூயல் மாஸ் ஃபிளைவீல் (அதிர்வைக் குறைக்க இரண்டு பகுதியாகச் செய்தது) உள்ள வண்டியையும் கீழே சமவெளிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

வேலை முடிந்த முதல் 500 கி.மீ. புதுப் பிளேட் படியும் காலம். பாரம் ஏற்றி ஏற்றத்தில் ஹாஃப் கிளச் பிடிக்காமல் ஓட்டுங்கள். அந்த 500 முடிந்ததும் கேபிள் உறை கொஞ்சம் அமுங்கி, ஃபிரீ ப்ளே மாறியிருக்கும். ஸ்கேல் வைத்து மறுபடி பார்த்துச் சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆகும். அதற்குக் கூலி வாங்குவதில்லை. ஞாயிறு விடுமுறை, மற்ற நாளில் ஒன்பதரைக்கு முன்னால் போனால் காத்திருக்க வேண்டாம்.